பச்சை மைக் கவிஞர்

புத்தகம் பழசாகப் பழசாக விலை குறைவதுதான் உலக வழக்கம். சில புத்தகங்களுக்கு மட்டும் இந்த வழக்கம் செல்லாது. 1954-ம் வருஷம் தென் அமெரிக்காவில் சிலி தேசத்தின் தலைநகரான சாந்தியாகோவில், நாசிமெந்தோ என்ற பதிப்பகம் ஒரு கவிதைப் புத்தகத்தை வெளியிட்டது. ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட அந்த நூலின் பெயரைத் தமிழில் ‘திராட்சையும் காற்றும்’ என்று சொல்லலாம். அதன் முதல் பதிப்புப் பிரதி ஒன்று கிடைத்து, உள்தாளில் பச்சை மையில் ஒரு கையெழுத்தும் இருந்துவிட்டால் போதும், பழைய புத்தகங்களைச் சேகரிக்கும் பணக்காரர்கள் அதை விட்டுவிடமாட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, விருந்தாளிகளுக்கு மட்டும் திறந்து காட்டுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தப் புத்தகம் பணக்காரர்களுக்காக எழுதப்பட்டதல்ல. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஊர் ஊராகச் சுற்றிய ஒரு கவிஞர், வழியில் கண்ட குடியானவர்களையும் தொழிலாளிகளையும் சிறைப்பட்டவர்களையும் பாடிய புத்தகம் அது. பிரயாண நூல் என்றும் சொல்லலாம், அரசியல் நூல் என்றும் சொல்லலாம். எழுதியவர் பாப்லோ நெருடா. பச்சை மையில்தான் எழுதுவார். நம்பிக்கையின் நிறம் பச்சை என்பது அவர் எண்ணம். 1971-ம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

இந்தக் கவிஞருக்கும் நாகூருக்கும் நேரான சம்பந்தம் எதுவும் கிடையாது. ஆனால் அவருடைய வாலிபம் கழிந்த ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ரங்கூன், கொழும்பு, படேவியா, சிங்கப்பூர். நாகூர்ப் பெரியவர்கள் தங்கள் பாட்டனார் வாயால் கேட்ட பெயர்கள் அல்லவா இவை! பிரயாணத்துக்குச் ‘சபர்’ என்று பெயர். கடல் கடந்து சம்பாதிக்கப் போகிறவரைச் ‘சபுராளி’ என்று அழைப்பது இந்தக் கரையின் வழக்கு. சபுராளிகள் போன இடத்திலெல்லாம் தங்கள் ஊரையும் கொண்டு போனார்கள். சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரை அவர்கள் எழுப்பிய நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. பினாங்கிலும் ஒரு நாகூர் தர்கா உண்டு.

கப்பலில் போனவர்கள் எல்லோரும் வியாபாரிகள் அல்ல. தோட்டக் கூலிகளாகப் போனவர்கள் ஏராளம். மலேயாவுக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். இலங்கைக்கு மண்டபம், தனுஷ்கோடி வழியாகப் போனார்கள். அவர்களுக்கும் கீழே ஒரு கூட்டம் இருந்தது. பட்டணங்களில் தெருக் கூட்டவும் மலம் அள்ளவும் வெள்ளைக்காரச் சர்க்கார் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோன கூட்டம். நெருடாவின் கதையில் அவர்களில் ஒருத்தியும் வருகிறாள்.

ரெயில்காரர் மகன்

நெருடா 1904-ம் வருஷம் ஜூலை 12-ந் தேதி சிலியில் பார்ரல் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் நெப்தாலி ரேயெஸ் பஸோவால்தோ. தகப்பனார் ரெயில்வேயில் ஜல்லி ஏற்றும் வண்டியில் வேலை பார்த்தவர். தாயார் பள்ளிக்கூட உபாத்தியாயினி. பிள்ளை பிறந்து இரண்டு மாதங்களில் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். குடும்பம் தெற்கே தெமுகோ என்ற ஊருக்குப் போயிற்று. ஓயாத மழை பெய்யும் ஊர் அது. வந்த சிற்றன்னை கொடுமைக்காரி அல்ல. குழந்தையைத் தன் குழந்தையாகவே வளர்த்தார்.

மகன் கவிதை எழுதுவது தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. கவிதையால் அடுப்பு எரியுமா என்பது எந்தத் தேசத்துத் தகப்பனாருக்கும் தோன்றும் கேள்விதான். பையன் அப்பாவின் கண்ணுக்குத் தப்ப 1920-ல் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டான். செக் எழுத்தாளர் யான் நெருடாவின் பெயரிலிருந்து எடுத்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னதுண்டு. பதினாறு வயதுப் பையன் தானாகத் தேர்ந்தெடுத்த அந்தப் பெயரே நிலைத்தது. 1946-ல் அதுவே அவருடைய சட்டபூர்வமான பெயரும் ஆயிற்று.

அதே தெமுகோவில் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையாக இருந்தவர் கப்ரியேலா மிஸ்த்ரால். பையனுக்கு ருஷ்ய நாவல்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 1945-ல் நோபல் பரிசு அந்த அம்மாளுக்கு முதலில் வந்தது. ஒரே சிற்றூரிலிருந்து இரண்டு நோபல் பரிசுகள்!

கல்லூரிப் படிப்புக்குச் சாந்தியாகோ வந்த இளைஞர், இருந்த சாமான்களை விற்று, அப்பா கொடுத்த கடிகாரத்தை அடகு வைத்து, 1923-ல் முதல் புத்தகத்தை அச்சிட்டார். அடுத்த வருஷம் வெளிவந்தது ‘இருபது காதல் கவிதைகளும் ஒரு நிராசைப் பாட்டும்’. அப்போது அவருக்கு இருபது வயது கூட நிரம்பவில்லை. ஸ்பானிய மொழி பேசும் காதலர்கள் இன்று வரை அதை நெட்டுருப் போடுகிறார்கள். புகழ் வந்தது, பணம் வரவில்லை. வெளிநாட்டில் ஒரு ஸ்தானிகர் வேலையாவது கிடைக்காதா என்று இலாகாவின் வாசலில் தவம் கிடந்தார். மந்திரி காலியாக இருந்த ஊர்களின் பெயர்களைப் படபடவென்று படித்தார். நெருடாவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று, ரங்கூன். எங்கே இருக்கிறது அந்த ஊர்? மந்திரியின் அறையிலிருந்த பூகோள உருண்டையில் தேடினால், ஊர் இருக்க வேண்டிய இடம் நசுங்கிக் குழி விழுந்திருந்ததாம். அந்தக் குழிக்குள் போய் விழுந்தவர் ஐந்து வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்பினார்.

கீழ்த்திசையில் ஒரு சபுராளி

1927-ல் ரங்கூன் வந்து சேர்ந்தார். வேலை விசித்திரமானது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிலிக்குப் போகும் மெழுகும் தேயிலைப் பெட்டிகளும் துறைமுகத்துக்கு வரும். அன்றைக்குக் கை ஓயாமல் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் மூன்று மாதம் சும்மா இருக்கலாம். சம்பளமும் அந்தக் கட்டணத்திலிருந்துதான். பிற்காலத்தில் சேகரிப்பவர்கள் தேடி அலையும் கையெழுத்து அப்போது தேயிலைப் பெட்டிகளின் சீட்டுகளில் விழுந்துகொண்டிருந்தது!

அந்த நாட்களில் சென்னையையும் பார்த்தார். மெரினா கடற்கரையிலிருந்த மீன் காட்சிசாலை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிச் சாந்தியாகோவின் ‘லா நாசியோன்’ பத்திரிகைக்கு அனுப்பினார். 1928-ல் அது அச்சாயிற்று. பனி மூடிய மலைகளுக்கு அப்பால் இருந்த சிலிக்காரர்கள், நம் கடலின் மீன்களைப் பற்றி ஸ்பானிய மொழியில் படித்தார்கள். அதே ஆண்டின் முடிவில் கல்கத்தா காங்கிரசுக்கும் போனார். காந்தியடிகளையும், மோதிலால் நேருவையும், இளைஞரான சுபாஷ் சந்திர போசையும் கண்டார். ஆனாலும் அப்போது அவர் அரசியல் கவிஞர் அல்ல. அந்நிய ஊரில் தனிமையில் வாடிய ஓர் இளைஞர், அவ்வளவுதான்.

ரங்கூனில் ஒரு பர்மியப் பெண்ணுடன் வாழ்ந்தார். வெளியில் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தவள் அவள், ஜோசி பிளிஸ். அவளுடைய பொறாமை கத்தியைத் தூக்கும் அளவுக்கு வளர்ந்ததால், கொழும்புக்கு மாற்றல் கிடைத்ததும் சொல்லாமல் கப்பலேறிவிட்டார் என்று அவரே எழுதியிருக்கிறார். அவள் அரிசி மூட்டையுடன் கொழும்புக்கே தேடி வந்தாள். எதிர்வீட்டில் தங்கினாள். கடைசியில் அழுது அவர் காலணியை நனைத்துவிட்டுத் திரும்பினாள். அவளுடைய பர்மியப் பெயர் என்ன? நெருடா எங்கும் எழுதவில்லை.

கொழும்பில் அவர் குடியிருந்தது வெள்ளவத்தையில், கடலோரத்து வீடு ஒன்றில். 1929-ம் வருஷம். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் மாலையானால் உடை மாற்றிக் கிளப்புக்குப் போவார்கள். நம்மவர்களுடன் பழகும் வெள்ளையனை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. இவருக்கோ அந்தக் கூட்டம் ஒத்துவரவில்லை. பியானோ வித்வானும் புகைப்படக் கலைஞருமான லயனல் வெண்ட் என்ற இலங்கை நண்பர் மூட்டை மூட்டையாகப் புத்தகம் அனுப்புவார். பிராம்பி என்ற வேலைக்காரன் ஒருவன். கிரியா என்று பெயர் சூட்டிய கீரிப்பிள்ளை ஒன்று. அது அவருடன் சாப்பிடும். அவர் மடியில் தூங்கும். அதன் வீரத்தைப் பார்க்க ஆசைப்பட்ட அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒரு நாள் பாம்பு இருக்கிறது என்று ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். பாம்பைக் கண்டதும் கிரியா எடுத்த ஓட்டம் வீட்டில் வந்துதான் நின்றது!

இவ்வளவு சுவையாக எழுதிக்கொண்டு போகிறவர், அதே நினைவுக் குறிப்பில், அதே வீட்டில் நடந்த வேறொன்றையும் எழுதியிருக்கிறார்.

வெள்ளவத்தையில் ஒரு விடியற்காலை

அந்த வீட்டின் கழிப்பிடம் தள்ளிப் பின்புறத்தில் இருந்தது. எடுப்புக் கக்கூசு. நம் ஊர்களில் வயதானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொல்லைப்புறச் சந்து வழியாக, ஊர் விழிப்பதற்கு முன்னே ஒருவர் வந்து எடுத்துப் போவார். வாசல் வழியாக அவர் வரக்கூடாது. வீட்டுக்காரர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, பெயரைக் கேட்பதில்லை. இந்தியாவில் இதைத் தடுக்க 1993-லும், பிறகு 2013-லும் சட்டம் போட வேண்டியிருந்தது.

வாளி தினந்தோறும் எப்படிச் சுத்தமாகிறது என்று நெருடாவுக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தபோது கண்டார். இலங்கையில் தாம் அதுவரை கண்டவர்களிலெல்லாம் அழகானவள் என்று அவர் எழுதுகிறார். தமிழ்ப் பெண், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலம். சிவப்பும் பொன்னிறமும் கலந்த முரட்டுச் சேலை, வெறுங்காலில் கனத்த தண்டை, மூக்கில் இருபுறமும் சிவப்புக் கல். தலையில் அந்த வாளி. இவர் நிற்பதையே கவனிக்காமல் நடந்து போனாள்.

அப்புறம் அவர் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் நிற்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கு அவர் மொழி தெரியாது. வழியில் பட்டுத் துணியோ பழமோ வைத்துப் பார்த்தார். அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படி மறுப்புச் சொல்ல முடியும்? ஒரு நாள் காலையில் அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்தான் யார் வந்திருப்பார்கள்? வெள்ளைத்தோல் துரை ஒரு பக்கம், மலவாளி சுமக்கும் கூலிப் பெண் மறுபக்கம். நடந்த நேரம் முழுவதும் அவள் கண்ணைத் திறந்தபடியே, கற்சிலை போல இருந்தாள் என்று நெருடா எழுதுகிறார். தம்மை அவள் இகழ்ந்தது சரிதான் என்றும் எழுதுகிறார். அது மறுபடி நடக்கவில்லை என்று சொல்லி அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்.

பலாத்காரம் என்ற சொல்லை அவர் எழுதவில்லை. எழுதியிருக்கும் செய்கைக்கு வேறு பெயர் கிடையாது. அழகான உவமைகளைப் போட்டு எழுதியதால் செய்கை மாறிவிடுவதும் இல்லை. அந்தப் புத்தகத்தில் வேலைக்காரனுக்குப் பெயர் இருக்கிறது. கீரிப்பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை.

ஸ்பெயின் தந்த மாற்றம்

1930-ல் படேவியாவுக்கு மாற்றல். இன்றைய ஜகார்த்தாதான் அது. சிங்கப்பூரும் அவர் பொறுப்பில் சேர்ந்தது. அங்கே ஒரு டச்சுக்காரப் பெண்ணை மணந்துகொண்டு 1932-ல் ஊர் திரும்பினார். கீழ்த்திசையில் எழுதிய கவிதைகள் பெரும்பாலும் அடங்கிய ‘பூமியில் வாசம்’ அடுத்த வருஷம் வெளிவந்தது. இருட்டும் மழையும் வெறுப்பும் நிறைந்த கவிதைகள். விமரிசகர்கள் பலர் இன்றும் அவருடைய மிகச் சிறந்த படைப்பு அதுதான் என்பார்கள்.

பிறகு ஸ்பெயினில் உத்தியோகம். மாட்ரிட் நகரத்தில் அவர் வீட்டு மாடங்களில் எப்போதும் பூந்தொட்டிகள்; உள்ளே எப்போதும் நண்பர்கள். கவிஞர் கார்சியா லோர்கா அவர்களில் முக்கியமானவர். 1936 ஜூலையில் தளபதி பிராங்கோவின் கலகம் வெடித்தது. ஆகஸ்டில் லோர்காவைக் கிரனாடா அருகே சுட்டுக் கொன்றார்கள். நெருடாவின் எழுத்து அன்றோடு மாறிற்று. தன் சோகத்தைப் பாடியவர் தெருவில் சிந்திய ரத்தத்தைப் பாடத் தொடங்கினார். ‘இதயத்தில் ஸ்பெயின்’ என்ற அந்தச் சிறு நூல் 1937-ல் சிலியில் வெளிவந்தது. 1938-ல் போர்முனைக்கு அருகிலேயே குடியரசுப் படையினர் அதை மறுபடி அச்சிட்டார்கள். காகிதத்துக்குப் பஞ்சம். கிழிந்த சட்டைகளையும், கைப்பற்றிய எதிரிக் கொடியையும் கூழாக அரைத்துக் காகிதம் செய்தார்கள் என்று நெருடா சொல்லியிருக்கிறார்.

சாந்தியாகோவில் சந்தைச் சுமைகூலிகளின் சங்கத்தில் அந்த நூலை ஒரு நாள் படித்துக் காட்டினார். இடுப்பில் சாக்குத் துணி கட்டிய ஆட்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போனார். முடிந்தபோது அவர்களில் சிலர் அழுதார்கள். தம் வாழ்க்கையின் பெரிய திருப்பம் என்று அதைக் குறிப்பிடுவார்.

சொல்லோடு நிற்காமல் செயலிலும் இறங்கிய காலம் அது. யுத்தத்தில் தோற்ற ஸ்பானியக் குடியரசுவாதிகள் ஆயிரக்கணக்கில் பிரான்சின் முகாம்களில் தவித்துக்கொண்டிருந்தார்கள். சிலி அரசாங்கத்தின் பிரதிநிதியாகப் பாரிசுக்குப் போன நெருடா, ‘வின்னிபெக்’ என்ற பழைய சரக்குக் கப்பலைப் பிடித்துப் படுக்கைப் பலகைகள் அடிக்கச் செய்தார். 1939 ஆகஸ்டு 4-ந் தேதி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகளுடன் கப்பல் புறப்பட்டது. செப்டம்பர் 3-ந் தேதி சிலியின் வல்பரைசோ துறைமுகத்தில் அவர்கள் இறங்கினார்கள். அதே நாளில்தான் இங்கிலாந்தும் பிரான்சும் ஜெர்மனி மீது யுத்தப் பிரகடனம் செய்தன. தம் கவிதைகளை எல்லாம் உலகம் மறந்தாலும் இந்த ஒன்றை யாராலும் அழிக்க முடியாது என்று அவர் நினைத்ததில் தவறில்லை.

இவ்வளவு பேரைக் கரையேற்றியவர் தம் சொந்தக் குழந்தையைக் கரையேற்றவில்லை. 1934-ல் மாட்ரிடில் பிறந்த மகள் மால்வா மரீனா தலை வீங்கும் நோயுடன் பிறந்தவள். 1936-ல் மனைவியையும் மகளையும் பிரிந்துவிட்டார். எட்டு வயதில், 1943-ல், நாஜிகளின் பிடியிலிருந்த ஹாலந்தில் அந்தக் குழந்தை இறந்தது. நினைவுக் குறிப்பில் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

தலைமறைவும் பிரயாணமும்

1945-ல் பாலைவனத்து வெடியுப்புச் சுரங்கத் தொழிலாளிகள் ஓட்டுப் போட்டு நெருடாவைச் செனட் சபைக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு ஜனாதிபதியான கொன்சாலெஸ் விதேலா, பதவி ஏறியபின் அவர்கள் மீதே பாய்ந்தார்; சுரங்கத் தொழிலாளிகளை முகாமில் அடைத்தார். 1948 ஜனவரியில் நெருடா செனட் சபையிலேயே எழுந்து ஜனாதிபதியைக் குற்றம் சாட்டினார். கைது உத்தரவு பிறந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் வீடு வீடாக மாறித் தலைமறைவாக இருந்தார். மாலுமிகளும் ஏழைக் குடும்பத்தாரும் ஒளித்து வைத்தார்கள். 1949-ல் குதிரை மேல் ஆந்திஸ் மலைக் காட்டைக் கடந்து அர்ஜென்டினாவுக்குத் தப்பினார். அங்கிருந்து, தம்மைப் போலவே முகச்சாயல் கொண்ட குவாத்தமாலா எழுத்தாளர் மிகேல் ஆஸ்துரியாஸின் பாஸ்போர்ட்டில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

தலைமறைவில் எழுதி முடித்த பெருநூல் ‘பொதுக் காவியம்’ 1950-ல் மெக்சிகோவில் வெளிவந்தது. அமெரிக்கக் கண்டத்தின் முழுக் கதை. அதில் ஒரு பகுதி இந்தக் கட்டுரைக்கு முக்கியம். செருப்புத் தைக்கிறவர், மண் அள்ளுகிறவர் என்று ஒவ்வொரு தொழிலாளியையும் அவருடைய சொந்தப் பெயரோடும் ஊரோடும் பாடுகிறார். பெயர் தெரியாமல் புதைந்து போனவர்களுக்குப் பெயர் கொடுப்பதே கவிஞனின் வேலை என்பது அவர் கொள்கையாகிவிட்டது. அந்தப் பட்டியலில் வெள்ளவத்தை வரவில்லை.

நாடு கடந்த மூன்றரை வருஷங்களில் அவர் கால் பாவாத தேசம் சொற்பம். 1950-ல் சமாதான இயக்கத் தலைவரான விஞ்ஞானி ஜோலியோ கியூரியின் கடிதத்தோடு டில்லி வந்தார். சுங்க அதிகாரிகள் பெட்டியைக் குடைந்தார்கள். நேரு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். தாஜ்மகாலைப் பார்க்க ஆசைப்பட்டும் அனுமதி கிடைக்கவில்லையாம். 1951-ல் ரெயிலேறி சைபீரியா வழியாகப் பீகிங். 1952 ஜனவரியில் இத்தாலி போலீசார் அவரை நாடு கடத்த முயன்றார்கள். ரோமாபுரி ரெயில் நிலையத்தில் எழுத்தாளர் கூட்டம் ஒன்று போலீசாரைச் சூழ்ந்துகொண்டது. நாவலாசிரியை எல்சா மொராந்தே தம் குடையால் ஒரு போலீஸ்காரரின் தலையில் போட்டார்! உத்தரவு ரத்தாயிற்று. அதன்பின் காப்ரி தீவில் அவர் தங்கிய நாட்களை ஒட்டியே, தபால்காரர் ஒருவரைக் கற்பனையாகச் சேர்த்து, 1994-ல் இத்தாலியில் ஒரு சினிமா வந்தது, உலகமெங்கும் ஓடியது.

இந்தப் பிரயாணங்களெல்லாம் சேர்ந்ததுதான் ‘திராட்சையும் காற்றும்’. இத்தாலியின் திராட்சைத் தோட்டம், இடிந்து கிடந்த பெர்லின், நாஜிகள் தூக்கிலிட்ட செக் பத்திரிகையாளர் ஜூலியஸ் பூசிக், போர்த்துக்கலின் சிறைக்கூடம், புதிய சீனா என்று தேசம் தேசமாக விரிகிறது. நல்ல இடங்களில் வழிப்புழுதியின் வாசனையே வீசும். மோசமான இடங்களில் கட்சிக் கூட்டத்தின் ஒலிபெருக்கி கேட்கும். ஸ்டாலின் மறைவுக்கு ஒரு நீண்ட இரங்கற்பாவும் இதில் உண்டு. 1953-ல் ஸ்டாலின் சமாதானப் பரிசை அவர் பெற்றிருந்தார். 1956-ல் ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளை குருசேவ் வெளியிட்டபோது அந்தப் பக்கங்கள் சங்கடமாகிப் போயின. தாமும் அந்தத் தனிமனித வழிபாட்டுக்குத் தம் பங்கைச் செலுத்தியதுண்டு என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் புத்தகத்தை மறுதலிக்கவில்லை. யாரும் சரியாகப் புரிந்துகொள்ளாத பிள்ளை என்பதாலோ என்னவோ, அதன் மீது அவருக்குத் தனிப் பிரியம்.

அது வெளிவந்த மூன்று வருஷங்களில், 1957-ல், சமாதான மகாநாடு ஒன்றுக்காகக் கொழும்புக்கு மறுபடி வந்தார். வெள்ளவத்தை வீட்டைத் தேடிப் போனார். மரங்கள் வளர்ந்து தெருவே அடையாளம் மாறியிருந்தது. வீட்டைச் சீக்கிரம் இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். அங்கே எழுதிய கவிதைகளை நினைத்துக்கொண்டார். அவருக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. 

நோபலும் மரணமும்

1969-ல் கம்யூனிஸ்டுக் கட்சி அவரை ஜனாதிபதித் தேர்தலுக்கு நிறுத்தியது. நண்பர் அயெந்தேவுக்காக விலகிக்கொண்டார். அயெந்தே ஜெயித்து, நெருடாவைப் பாரிசுக்குத் தூதராக அனுப்பினார். நோபல் பரிசு அங்கேதான் வந்தது. புற்றுநோயும் வந்தது. 1973 செப்டம்பர் 11-ந் தேதி தளபதி பினோசே ஆட்சியைக் கவிழ்த்தார். அயெந்தே உயிர் துறந்தார். பன்னிரண்டே நாளில், 23-ந் தேதி, சாந்தியாகோ ஆஸ்பத்திரியில் நெருடா காலமானார். அவருடைய வீட்டைச் சூறையாடியிருந்தார்கள். ஊரடங்கும் துப்பாக்கியும் இருந்தும் ஜனங்கள் சவ ஊர்வலத்தில் வந்தார்கள். நோயா, விஷ ஊசியா என்ற சந்தேகத்தில் 2013-ல் உடலைத் தோண்டி எடுத்தார்கள். 2017-லும் 2023-லும் நிபுணர்கள் அறிக்கை கொடுத்தும் விவகாரம் தீரவில்லை. 2024-ல் நீதிமன்றம் விசாரணையை மறுபடி திறக்கச் சொன்னது.

அவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் 1974-ல் புத்தகமாயின. வெள்ளவத்தை விடியற்காலையும் அதில் இருந்தது. யாரும் கண்டுபிடித்துச் சொன்ன ரகசியமல்ல, அவரே எழுதியது. ஆயினும் லட்சக்கணக்கானவர்கள் படித்தும், வெகுகாலம் அந்தப் பக்கம் பெரிய பேச்சாகவில்லை. யானை வேட்டை, கீரிப்பிள்ளை வரிசையில் அதுவும் ஒரு கீழ்த்திசைக் கதை என்று புரட்டிப் போய்விட்டார்கள். தமிழ்நாட்டிலும் நெருடாவுக்கு வாசகர்கள் ஏராளம். பாரதியோடு ஒப்பிட்டுப் பேசாத மேடை குறைவு. அந்தப் பெண் தமிழ்ப் பெண் என்பது இங்கேயும் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

சிங்களப் பட டைரக்டர் அசோக ஹந்தகம, அந்த வெள்ளவத்தை நாட்களை வைத்தே ‘அல்போராதா’ என்ற படத்தை எடுத்தார். 2021-ல் அது வெளிவந்தது. அதற்கு மூன்று வருஷம் முந்தியே சிலியில் சர்ச்சை கிளம்பிவிட்டது. சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று 2018 நவம்பரில் பாராளுமன்றக் கலாசாரக் குழு முடிவு செய்தது. பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கையில் வேறு ஆதாரம் எதுவும் இல்லை. கவிஞரின் சொந்தப் புத்தகம்தான் இருந்தது. அவர்களில் யாரும் வெள்ளவத்தையைப் பார்த்தவர்கள் அல்ல, தமிழ் ஒரு சொல் தெரிந்தவர்களும் அல்ல. தொண்ணூறு வருஷத்துக்கு முன் மலவாளி சுமந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் வழக்கை, பூமியின் மறுகோடியில் இருந்த பெண்கள் எடுத்து நடத்தினார்கள்.

விமான நிலையத்தின் பெயர் மாறவில்லை.